ஸ்டார் சார்ட்: எதை வாங்குவது என்பதற்கு முன்னால் எதை எண்ணுவது

குழந்தைகளுக்கான ரிவார்டு சார்ட் பற்றி இணையத்தில் தேடினால் இரண்டு வகைக் கட்டுரைகள்தான் கிடைக்கின்றன. ஒன்று, "சிறந்த பத்து ரிவார்டு சார்ட்டுகள்" வகை. காந்தம் நன்றாக ஒட்டுகிறதா, மார்க்கர் எழுத்து அழிகிறதா, யூனிகார்ன் படம் இருக்கிறதா, விலை என்ன என்று பார்த்துவிட்டு ஐந்துக்கு நான்கரை போட்டுவிடுகிறார்கள். இன்னொன்று, "பிள்ளையை நாய்க்குட்டி மாதிரி பழக்காதீர்கள்" வகை. இதில் ஓர் ஆய்வின் பெயரைச் சொல்லி, பரிசு கொடுத்தால் குழந்தையின் உள்ளார்வம் செத்துவிடும் என்று முடித்துவிடுவார்கள்.

முதல் வகை சார்ட்டை ஒரு பொருளாகப் பார்க்கிறது. இரண்டாவது வகை அதை ஒரு பாவமாகப் பார்க்கிறது. எனக்கு அது ஒரு விதித்தொகுப்பாகத் தெரிகிறது. எதற்கு நட்சத்திரம், யார் ஒட்டுவது, ஒட்டியதைப் பிடுங்கலாமா, எத்தனை சேர்ந்தால் என்ன, எப்போது நிறுத்துவது என்ற ஐந்தாறு விதிகள்தான் சார்ட். அட்டையும் காந்தமும் அதன் மேல்பூச்சு. விதி சரியில்லை என்றால் எந்த யூனிகார்னாலும் காப்பாற்ற முடியாது.

மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் நான், உளவியல் படித்தவன் இல்லை. ஆனால் "எதை அளக்கிறோமோ அதுதான் வளரும், நாம் விரும்பியது வளராது" என்ற பாடத்தை இருபது வருடமாக அலுவலகத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கண்ணோடு சில மூல ஆய்வுகளைப் படித்துப் பார்த்தேன். அதன் குறிப்புகள்தான் இந்தப் பதிவு. இதில் எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு, அதைப் பாதியில் சொல்கிறேன்.

கொஞ்சம் பூர்வகதை

சார்ட் ஏதோ சமீபத்திய அமெரிக்க இறக்குமதி என்று நினைக்கிறோம். இதன் கதையில் ஒரு இழை எழும்பூரைத் தொட்டுப் போகிறது. 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த ராணுவ அநாதை ஆண்பிள்ளைகள் விடுதிக்கு ஆண்ட்ரூ பெல் என்கிற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். நம்மூர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அவர் முறை. 1797-இல் லண்டனில் இதைப் பற்றி எழுதி வெளியிட்டார். "மெட்ராஸ் முறை" என்றே அதற்குப் பெயர்.

ஏறக்குறைய அதே காலத்தில் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவர் இதே போன்ற ஒரு பள்ளியை நடத்தினார். நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை ஒரே கூடத்தில் வைத்துச் சமாளிக்க அவர் எடுத்த ஆயுதங்களில் ஒன்று பரிசுச் சீட்டு. நன்றாகச் செய்தால் சீட்டு, சீட்டு சேர்ந்தால் பந்து, பட்டம் மாதிரி பொருள். இன்றைய சார்ட்டின் முழு இயந்திரமும் அங்கே இருக்கிறது. கவனிக்க வேண்டியது, அதே பள்ளியில் தவறு செய்த பையனைக் கூடையில் உட்காரவைத்துக் கூரையில் தொங்கவிட்டு எல்லோரும் பார்க்கும்படி செய்கிற தண்டனையும் இருந்தது. சீட்டும் கூடையும் ஒரே ஆளின் கண்டுபிடிப்பு. பரிசு முறை வைத்தாலே அன்பான முறை ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்தக் கூடையை மறக்கக் கூடாது.

நவீன வடிவம் 1961-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், அன்னா அரசு மனநல மருத்துவமனையில் தொடங்குகிறது. டியோடோரோ அய்லோன், நேதன் அஸ்ரின் என்ற இரண்டு உளவியலாளர்கள், நெடுநாள் உள்நோயாளிகளாக இருந்த பெண்களின் வார்டு ஒன்றில் டோக்கன் முறையைக் கொண்டுவந்தார்கள். வேலை செய்தால் டோக்கன், டோக்கனுக்கு விருப்பமான பொருளோ சலுகையோ. முறை வேலை செய்தது. ஆனால் 1965-இல் வெளியான அவர்கள் கட்டுரையிலேயே இன்னொரு விஷயமும் இருக்கிறது. டோக்கனுக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை அறுத்தால் வேலை சரிந்தது, திரும்ப இணைத்தால் ஏறியது. முறையின் பலம், பலவீனம் இரண்டையும் இந்த ஒரே வரைபடம் சொல்லிவிடுகிறது. கொடுக்கும்வரை நடக்கும். நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை யாராவது தனியாக யோசித்து வைக்க வேண்டும்.

எல்லோரும் மேற்கோள் காட்டும் ஆய்வு

இப்போது எதிர்த்தரப்பு. இவர்களின் பிரம்மாஸ்திரம் 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஆய்வு. ஸ்டான்ஃபோர்டு வளாகத்தில் உள்ள பிங் நர்சரி பள்ளியில் நடந்தது. மூன்று முதல் ஐந்து வயதுக்குள் 51 பிள்ளைகள். எல்லோரும் மார்க்கர் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ளவர்கள். அப்படிப்பட்டவர்களாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

மூன்று குழுக்கள். முதல் குழுவிடம், "வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும்" என்று முன்பே சொல்லி வரையச் சொன்னார்கள். இரண்டாவது குழுவிடம் எதுவும் சொல்லாமல் வரையவிட்டு, முடிந்தபின் அதே சான்றிதழைத் திடீரென்று கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்குச் சான்றிதழ் கிடையாது. ஒன்றிரண்டு வாரம் கழித்து, வகுப்பில் மார்க்கரைச் சும்மா வைத்துவிட்டு, யார் எவ்வளவு நேரம் தானாக வரைகிறார்கள் என்று பார்த்தார்கள். பரிசு இல்லாத குழு 16.73 விழுக்காடு நேரம் வரைந்தது. திடீர்ப் பரிசுக் குழு 18.09. முன்பே பேரம் பேசிய குழு 8.59. கிட்டத்தட்டப் பாதி.

பயமுறுத்தும் எண்தான். ஆனால் இதைப் பகிர்கிறவர்கள் மூன்று விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். ஒன்று, அந்தப் பிள்ளைகளுக்கு வரைவது ஏற்கெனவே பிடிக்கும். பல் தேய்க்கவே பிடிக்காத பிள்ளையைப் பற்றி இந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை. இல்லாத ஆர்வத்தை எப்படிக் கொல்வது? இரண்டு, எதிர்பாராத பரிசு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. மூன்று, அந்தச் சான்றிதழ் "நீ நன்றாக வரைந்தாய்" என்று சொல்லவில்லை. வரைய உட்கார்ந்ததற்கே கிடைத்தது.

பின்னால் இதன்மேல் பெரிய சண்டை நடந்தது. 1993-இல் ஆல்ஃபி கோன் பரிசுகளுக்கு எதிராக ஒரு முழுப் புத்தகமே எழுதினார். 1994-இல் ஜூடி கேமரூனும் டேவிட் பியர்ஸும் 96 ஆய்வுகளைத் தொகுத்து, மொத்தத்தில் பெரிய ஆபத்து இல்லை என்றார்கள். 1999-இல் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் கோஸ்ட்னர், ரிச்சர்ட் ரையன் மூவரும் 128 ஆய்வுகளைத் தொகுத்து, ஆபத்து இருக்கிறது என்றார்கள். கையில் கிடைக்கும் பரிசை முன்பே எதிர்பார்த்துச் செய்யும்போதுதான் பாதிப்பு, அது கல்லூரி மாணவர்களைவிடச் சிறுபிள்ளைகளிடம் அதிகம் என்பது அவர்கள் முடிவு. அதே தொகுப்பில், முதலிலேயே சுவாரசியமில்லாத வேலைகளில் இந்தப் பாதிப்பைப் பார்க்கவில்லை என்பதும் இருக்கிறது. எதிரணியின் மிக வலுவான ஆவணமே, "பிடித்த வேலையில் கை வைக்காதே" என்கிற அளவோடு நிற்கிறது. "எப்போதும் பரிசு கொடுக்காதே" என்று அது சொல்லவில்லை.

அக்காவின் போன்

இப்போது அந்தச் சொந்தக் காரணம். கோவையில் இருக்கும் என் அக்காவின் மகனுக்கு ஐந்தரை வயதில் ஏ.டி.எச்.டி. என்று மருத்துவர் சொன்னார். கவனம் நிலைக்காது, உடம்பு சும்மா இருக்காது. மாத்திரை பற்றிப் பேசுவதற்கு முன், பெற்றோருக்குத்தான் முதலில் பயிற்சி என்றார். இது சரியான வரிசை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2019 வழிகாட்டுதலும் நான்கு முதல் ஆறு வயதுக்குள் உள்ளவர்களுக்கு அதைத்தான் முதல் படியாகச் சொல்கிறது. பயிற்சியின் ஒரு பகுதியாக ஒரு சின்ன சார்ட் கொடுத்தார்கள். மூன்றே வரி. காலையில் செருப்பை ரேக்கில் வைப்பது, சாப்பிடும்போது தட்டு காலியாகும்வரை உட்கார்ந்திருப்பது, கூப்பிட்டால் பதில் சொல்வது. செய்தவுடனே ஸ்டிக்கர்.

ஆறு வாரத்தில் வீட்டில் சத்தம் குறைந்திருந்தது. அப்போதுதான் உறவில் ஒருவர் அந்த இரண்டாவது வகைக் கட்டுரையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்து, "இது லஞ்சம்மா, நாளைக்குக் காசு குடுத்தாத்தான் கையை அசைப்பான்" என்று சொல்லியிருக்கிறார். அக்கா ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாள்.

"ஏண்டா தம்பி, நீதான் எல்லாத்தையும் தோண்டிப் படிப்பியே. இதைக் கழட்டிடவா? நான் பாட்டுக்கு அவனைக் கெடுத்துட்டு இருக்கேனா?"

குரலில் இருந்தது சந்தேகம் இல்லை, குற்றவுணர்ச்சி. ஒரு அம்மாவுக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது, அதை ஒரு ஃபார்வர்டு மெசேஜ் பிடுங்கப் பார்க்கிறது. "கழட்டாதே, நான் படிச்சுட்டுச் சொல்றேன்" என்றேன். மேலே எழுதியது எல்லாம் அப்படிப் படித்ததுதான். பிங் நர்சரி பிள்ளைகளுக்கு மார்க்கர் பிடிக்கும். என் அக்கா மகனுக்குச் செருப்பு ரேக் மேல் எந்தக் காதலும் கிடையாது. அந்த ஆய்வை இந்த வீட்டில் கொண்டுவந்து பொருத்துவது தவறு.

லஞ்சம், கூலி, பரிசு

ஆனாலும் "லஞ்சம்" என்ற சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. இதில் ஆங்கிலக் கட்டுரைகளைவிட நம் மொழி தெளிவாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நமக்கு மூன்று சொற்கள் இருக்கின்றன.

கடையில் பிள்ளை தரையில் புரண்டு அழுகிறது, "சரி சரி, அழாதே, சாக்லேட் வாங்கித் தர்றேன்" என்கிறோம். இது லஞ்சம். நடக்கிற தப்பை நிறுத்துவதற்காக அந்த நேரத்தில் கொடுக்கிற கப்பம். இங்கே உண்மையில் பழக்கப்படுவது நாம்தான், பிள்ளை இல்லை. "இதைச் செய்தால் இது" என்று முன்பே இருவரும் ஒத்துக்கொண்டு, செய்தபின் கொடுப்பது கூலி. சார்ட் என்பது கூலி. எதையும் பேசாமல், செய்ததைப் பார்த்து மனம் நிறைந்து கொடுப்பது பரிசு.

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு 1973 ஆய்வைத் திரும்பப் பாருங்கள். பிடித்த வேலைக்குக் கூலி பேசினால் பிடிப்பு குறைகிறது. பிடித்த வேலைக்குப் பரிசு கொடுத்தால் ஒன்றும் ஆகவில்லை. பிடிக்காத வேலைக்குக் கூலி கொடுப்பது பற்றி அந்த ஆய்வு பேசவே இல்லை. உலகத்தில் பாதிப் பேர் அதில்தான் வாழ்கிறோம். ஆக, முதல் கேள்வி "சார்ட் நல்லதா கெட்டதா" என்பதாக இருக்க முடியாது. "இந்த வேலை கூலிக்கு உரியதா" என்பதுதான்.

என் கணக்கில், நான்கு விஷயங்களைச் சார்ட்டில் ஏற்றவே கூடாது. படிப்பதில் ஏற்கெனவே ஆசை உள்ள பிள்ளைக்கு வாசிப்பு. வரைதல், பாட்டு மாதிரி தானாக வருகிறவை. பாசம் காட்டுவது, தாத்தா பாட்டிக்கு முத்தம் கொடுப்பது. நான்காவது, அடுத்தவருக்கு உதவுவது. கடைசி விஷயத்துக்கு நேரடிச் சான்று இருக்கிறது. 2008-இல் ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டோமசெல்லோ இருவரும் 20 மாதக் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், உதவி செய்ததற்குப் பொருள் கிடைத்த குழந்தைகள் பிறகு உதவுவது குறைந்தது. பாராட்டு மட்டும் பெற்றவர்களும் ஒன்றும் பெறாதவர்களும் உதவிக்கொண்டே இருந்தார்கள். ஒன்றே முக்கால் வயதில் பைசா வாங்காமல் செய்துகொண்டிருந்த ஒன்றுக்கு நாம் ஏன் விலை போட வேண்டும்?

விலை போட்டபின் எடுப்பதும் சுலபம் இல்லை. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 பகல் காப்பகங்களில் நீஸி, ருஸ்டிகினி என்ற பொருளியலாளர்கள் 20 வாரம் பார்த்த ஒரு சோதனை 2000-இல் வெளியானது. பிள்ளையை அழைத்துப்போக 10 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் 10 ஷெக்கல் அபராதம் என்று 6 காப்பகங்களில் கொண்டுவந்தார்கள். தாமதமாக வருகிறவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கானார்கள். "காத்திருக்கும் ஆசிரியைக்குச் சங்கடம்" என்பது போய், "பத்து ஷெக்கலுக்குக் கிடைக்கும் சேவை" ஆகிவிட்டது. 17-ஆவது வாரம் அபராதத்தை எடுத்தபின்னும் பழைய நிலை திரும்பவில்லை. இது பெரியவர்களையும் அபராதத்தையும் பற்றியது, சார்ட் பற்றியது அல்ல என்பது உண்மை. ஆனாலும் சார்ட்டில் ஒரு வரி சேர்க்கும்போதெல்லாம் எனக்கு ஹைஃபா ஞாபகம் வருகிறது.

விற்பனையில் உள்ள வகைகள்: ஒரு விமர்சனம்

சரி, கூலிக்கு உரிய வேலைதான் என்று முடிவுசெய்துவிட்டோம். எந்த சார்ட்? கடையிலும் ஆப்பிலும் கிடைப்பவை ஐந்து வகைக்குள் அடங்கும்.

முதலாவது, பெரிய வாராந்திரக் கட்டம். இடது பக்கம் பத்து வேலை, மேலே ஏழு நாள், மொத்தம் 70 கட்டம். பார்க்கப் பிரமாதம். ஆனால் 70 கட்டத்தையும் நிர்வாகம் செய்ய வீட்டில் ஒரு குமாஸ்தா வேண்டும். இரண்டாவது வாரம் கட்டங்கள் காலியாக நிற்கும், பிள்ளை செய்யாததால் இல்லை, நமக்கு ஒட்ட நேரமில்லாததால். அதைவிட மோசம், அதில் அச்சடித்தே வரும் வரிகள்: "நல்ல பிள்ளையாக இருந்தேன்", "அம்மா சொன்னதைக் கேட்டேன்". மென்பொருளில் இப்படி ஒரு தேவைக் குறிப்பு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம். நடந்ததா இல்லையா என்று இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்தால் ஒரே பதில் வர வேண்டும். "நல்ல பிள்ளை" என்பதற்கு அம்மா ஒரு பதில் சொல்வார், ஆயா ஒரு பதில் சொல்வார், பிள்ளை தினமும் வழக்காடும்.

இரண்டாவது, கூட்டல் கழித்தல் சார்ட். நல்லதுக்கு ஒரு புள்ளி ஏறும், சேட்டைக்கு இரண்டு புள்ளி இறங்கும். அப்பாக்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும், நியாயமாகத் தெரியும். செவ்வாய்க்கிழமையே மைனஸ் ஐந்தில் இருக்கும் பிள்ளை மீதி வாரம் எதற்காக முயற்சி செய்ய வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். கடனில் மூழ்கியவனுக்குச் சேமிப்புத் திட்டத்தை விற்பது போலத்தான். லங்காஸ்டரின் கூடை இங்கேதான் வேறு உருவத்தில் தொங்குகிறது.

மூன்றாவது, அண்ணன் தங்கை போட்டி சார்ட். ஒரே அட்டையில் இரண்டு பெயர், யார் முன்னால் என்று ராக்கெட் நகரும். அக்கா மகன் மாதிரி ஒரு பிள்ளைக்கு அதே வயதுப் பிள்ளையோடு ஒரு ராக்கெட்டைக் கொடுத்தால், அவன் தோற்பது முதல் நாளே எழுதப்பட்டுவிடும். ரேங்க் கார்டு பள்ளியில் இருப்பது போதும். வீட்டுச் சுவரில் வேண்டாம்.

நான்காவது, ஆப். வேலை முடிந்தால் நாணயம், நாணயத்துக்கு டிவி நேரம், மொபைல் நேரம். கணக்கு துல்லியம், ஒட்டும் வேலை இல்லை. இதில் இரண்டு கோளாறு. திரையைக் குறைக்க ஆசைப்படும் வீட்டில் திரையையே தங்கமாக்கிவிடுகிறோம். இன்னொன்று, ஸ்டிக்கர் ஒட்டும்போது அம்மாவோ அப்பாவோ குனிந்து, முகம் பார்த்து, "தட்டைக் கொண்டுபோய் சிங்க்ல வச்சுட்டியா, சூப்பர்டா" என்று சொல்கிற அந்த ஐந்து விநாடி காணாமல் போகிறது. யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் காஸ்டின் மாதிரி இந்த முறையை ஆதரிக்கும் ஆய்வாளர்களே, என்ன செய்தாய் என்று குறிப்பிட்டு உடனே பாராட்டுவதைத்தான் முதுகெலும்பாகச் சொல்கிறார்கள். ஆப் அந்த முதுகெலும்பை எடுத்துவிட்டு நோட்டிஃபிகேஷனை வைக்கிறது.

ஐந்தாவது, கோலி பாட்டில். ஒரு சின்னக் கண்ணாடி ஜாடி, செய்தால் ஒரு கோலி, நிறைந்தால் பேசிவைத்த ஒன்று. கடைக்காரருக்கு லாபம் இல்லாததால் எந்த "சிறந்த பத்து" பட்டியலிலும் இது முதலிடம் பிடிக்காது. என் ஓட்டு இதற்குத்தான். நாள், கிழமை கிடையாது, அதனால் காலிக் கட்டம் என்ற ஒன்றே கிடையாது. ஒரு நாள் தவறினால் கோலி ஏறாது, அவ்வளவுதான், தோல்வி எழுதிவைக்கப்படுவதில்லை. விழும்போது "டிங்" என்று சத்தம் வேறு. எண்ணத் தெரியாத பிள்ளைக்கும் எவ்வளவு மீதி என்று கண்ணுக்குத் தெரியும். முதல் ஜாடி மட்டும் மூன்று நான்கு நாளில் நிறையும் அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். ஐந்து வயதுக்கு அடுத்த ஞாயிறு என்பது அடுத்த ஜென்மம்.

நம்மூர்ப் பழைய சார்ட் ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: "முதல் ரேங்க் எடுத்தா சைக்கிள்." வருடக் கடைசியில்தான் பலன், கிடைத்தால் முழுதும், இல்லாவிட்டால் பூஜ்யம், முடிவு பிள்ளையின் கையில் பாதிகூட இல்லை, பக்கத்துப் பெஞ்சுக்காரன் எவ்வளவு எடுத்தான் என்பதைப் பொறுத்தது. ஒரு வெகுமதி முறையில் இருக்கக்கூடிய அத்தனை வடிவமைப்புக் கோளாறும் ஒரே வரியில்.

செயலுக்கா, விளைவுக்கா?

இந்தச் சைக்கிள் கோளாறு மிக வலிக்கிற இடம் படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பிள்ளைகள். "நனையாத ராத்திரிக்கு ஒரு ஸ்டார்" என்று பல வீட்டில் வைக்கிறார்கள். தூக்கத்தில் நடப்பதன் மேல் பிள்ளைக்கு எந்தப் பிடியும் இல்லை. காலையில் ஈரத்தோடு எழுந்து, ஸ்டாரும் இல்லை என்று தெரிந்துகொள்வது இரட்டைத் தண்டனை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2010-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொல்கிறது. நனையாத இரவுக்குப் பரிசு வைக்காதீர்கள்; பகலில் சரியாகத் தண்ணீர் குடிப்பது, படுக்கும் முன் கழிப்பறைக்குப் போவது, விரிப்பை மாற்ற உதவுவது மாதிரி பிள்ளையால் செய்ய முடிந்ததற்கு வையுங்கள். கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கும் முறையும் கூடாது. எந்த சார்ட்டுக்கும் இந்த இரண்டு விதி பொருந்தும்.

சரியான செயலையே தேர்ந்தெடுத்தாலும் அளவுகோல் வளையும். இதற்கு எங்கள் துறையில் ஒரு பிரபலமான கதை உண்டு. 1982-இல் ஆப்பிள் நிறுவனத்தில் லிசா கணினிக் குழுவில், ஒவ்வொரு பொறியாளரும் அந்த வாரம் எத்தனை வரி நிரல் எழுதினார் என்று படிவத்தில் நிரப்பச் சொன்னார்கள். பில் அட்கின்சன் அந்த வாரம் பழைய நிரலைச் சுருக்கி வேகமாக்கியிருந்தார். படிவத்தில் "மைனஸ் 2000" என்று எழுதிக் கொடுத்தார். அளவுகோல் எவ்வளவு அபத்தம் என்பதை ஒரே எண்ணில் காட்டிவிட்டார். பிள்ளைகளுக்கும் இந்தத் திறமை உண்டு. "பல் தேய்த்தால் கோலி" என்று வைத்தால், பிரஷ்ஷை மட்டும் நனைத்து வைத்துவிட்டு வந்து நிற்கும். பொய் சொல்கிறதே என்று கோபப்பட வேண்டியதில்லை. நாம் அளந்தது நனைந்த பிரஷ்ஷை, அது கிடைத்துவிட்டது. "அப்பாவோட சேர்ந்து நின்னு, பாட்டு முடியற வரைக்கும் தேய்க்கிறது" என்று வரியை மாற்றினால் சரியாகிவிடும்.

எப்போது கழற்றுவது?

எந்தத் தயாரிப்பின் அட்டையிலும் இல்லாத விதி இதுதான். கட்டடம் கட்டும்போது சென்ட்ரிங் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கான்கிரீட் இறுகும்வரை பலகையும் முட்டும் தாங்கி நிற்க வேண்டும். இறுகுவதற்கு முன் பிரித்தால் தளம் விழுந்துவிடும். இறுகினபின்னும் பிரிக்காமல் விட்டால் அந்த வீட்டில் குடியிருக்க முடியாது. சார்ட்டை மாட்டும் அன்றைக்கே இது எதுவரை என்று தெரிந்திருக்க வேண்டும். அன்னா மருத்துவமனை வரைபடம் சொன்னபடி ஒரே நாளில் அறுத்தால் சரியும். கோலியை மெல்ல அரிதாக்க வேண்டும். பாராட்டை விடக் கூடாது. பழக்கம் தானே நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஒவ்வொரு முட்டாக எடுக்க வேண்டும். சில பிள்ளைகளுக்குத் தளம் இறுக மாதக்கணக்கில் ஆகும். அது அந்தப் பிள்ளையின் குற்றமும் இல்லை, அம்மாவின் குற்றமும் இல்லை.

அக்காவிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. மூன்று விஷயம் மட்டும் சொன்னேன். சார்ட் இருக்கட்டும், மருத்துவர் சொல்லும்வரை கழற்றாதே. "கூப்பிட்டால் பதில் சொல்வது" என்ற வரியை மட்டும் "பேரைச் சொன்னதும் திரும்பிப் பார்ப்பது" என்று மாற்றலாமா என்று அவரிடமே கேள். அவன் லெகோ வைத்து மணிக்கணக்காக ஏதோ கட்டுகிறானே, அதற்கு மட்டும் எந்த ஸ்டிக்கரும் ஒட்டிவிடாதே; அங்கே அவனுக்குக் கவனம் தானாக நிற்கிறது, அது அவன் சொத்து.

"அப்ப நான் லஞ்சம் குடுக்கலைல்ல?" என்றாள்.

"இல்லக்கா. கூலி குடுக்கிற. அவன் வேலை பார்க்கிறான்ல, அந்த வயசுக்கு அது பெரிய வேலை."

இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது செருப்பு வரியை எடுத்திருந்தார்கள். செருப்பு ரேக்கில்தான் இருந்தது. தட்டு வரி இன்னும் இருக்கிறது. அது இருக்க வேண்டிய காலம்வரை இருக்கட்டும்.